ஒரே மண், இரண்டு கல்லறை

(ஆமத்தூரில் இளைஞர்களும் மாணவர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)

தோழர்களே, பெரியவர்களே, பயராபிஸ் வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே,

'மனிதகுலம் ஒன்று: கிறிஸ்தவப் பார்வை' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் கல்லூரியில் படிக்கிற தம்பி ஒருத்தர் என்னை டீக்கடைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். "அண்ணே, எல்லாரும் ஒண்ணுங்கிறது அவங்க பேச்சுல்ல? நாம சாதியப் பத்தி வாயத் தொறந்தாலே 'கிறிஸ்துவுக்குள்ள சாதி ஏது'ன்னு சொல்லித்தான வாய அடைக்கிறாங்க. அதையே நீங்களும் வந்து பேசணுமா?" என்று கேட்டார்.

தம்பி கேட்டது சரியான கேள்வி. இன்றைக்கு நான் பேசப்போவது முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் ஒன்று என்ற பேச்சை நாம் அவர்களிடம் விட்டுக்கொடுக்கக் கூடாது. அது நம்முடைய பேச்சு. நம் கையிலிருந்து பிடுங்கி, நம் வாயை அடைக்கிற துணியாக அதை ஆக்கிவிட்டார்கள். திருப்பி வாங்க வேண்டும்.

எங்க அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஆதாம் கதை தெரியும். உபதேசியார் ஒருநாள் தெருவில் உட்கார்ந்து, கடவுள் மண்ணைப் பிசைந்து மனுஷனை உண்டாக்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பத்தா குறுக்கே கேட்டாளாம்: "கருசல் மண்ணா, செவக்காட்டு மண்ணா?" உபதேசியாருக்குச் சிரிப்பு. "ஏதோ ஒரு மண்ணு, தாயி" என்றிருக்கிறார். அப்பத்தா விடவில்லை. "எந்த மண்ணா வேணா இருக்கட்டும். ஊருக்கு ஒரு மண்ணு, நம்ம தெருவுக்கு ஒரு மண்ணுன்னு ரெண்டு தடவ பெசஞ்சாரா, ஒரே தடவதானா?" ஒரே தடவைதான் என்று உபதேசியார் ஒப்புக்கொண்டார். "அது போதும்" என்றாளாம்.

கிறிஸ்தவம் நம் சேரிக்குக் கொண்டுவந்த செய்தியில் எங்க அப்பத்தா பிடித்துக்கொண்டது அந்த ஒரு சங்கதியைத்தான். ஏன் அதைப் பிடித்தாள் என்று யோசியுங்கள். இந்த நாட்டில் மனிதனின் பிறப்பைப் பற்றி ஏற்கனவே ஒரு கதை இருந்தது. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் புருஷ சூக்தம். வாயிலிருந்து ஒருவன், தோளிலிருந்து ஒருவன், தொடையிலிருந்து ஒருவன், காலிலிருந்து ஒருவன். இதில் நாம் எங்கே? காலிலும் இல்லை. நாம் அந்த உடம்பிலேயே இல்லை. பிறப்பைப் பற்றிய கதை என்று சொன்னாலும், அது வேலைப் பிரிவினைக்கும் கூலிக்கும் நிலத்துக்கும் எழுதிக்கொடுத்த பத்திரம். அதற்கு எதிரே ஆதாம் கதை ஒரே மண் என்கிறது. எபிரேய மொழியில் மண்ணுக்கு 'ஆதாமா' என்று பெயர். ஆதாம் என்ற பெயரே அந்த மண்ணோடு ஒட்டியதுதான். அந்த மண்ணாலான ஆணும் பெண்ணும் கடவுளின் சாயல் என்று ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் சொல்கிறது. அந்தக் காலத்து அரசர்கள் தங்களைத்தான் கடவுளின் சாயல் என்று சொல்லிக்கொண்டார்கள். விவிலியம் அந்தப் பட்டத்தை அரசனிடமிருந்து எடுத்து மண்வெட்டி பிடிக்கிறவனுக்குக் கொடுத்தது.

இன்னொரு இடம். அப்போஸ்தலர் பணியில் பதினேழாம் அதிகாரம். பவுல் ஏதென்ஸ் நகரத்தில் பேசுகிறார். உலகத்து மக்கள் அத்தனை பேரையும் கடவுள் ஒரே மூலத்திலிருந்து உண்டாக்கினார் என்கிறார். இதை எங்கே நின்று சொல்கிறார் என்பதுதான் முக்கியம். 'நாங்கள் எங்கிருந்தோ வந்தவர்கள் இல்லை, இந்த மண்ணிலேயே முளைத்தவர்கள், மற்றவர்கள் எல்லாம் வந்தேறிகள்' என்று பெருமை பேசிய ஊர் ஏதென்ஸ். அந்த ஊர்க்காரன் முகத்துக்கு நேரே, உனக்குத் தனிப் பிறப்பு ஒன்றும் இல்லை என்றார் பவுல். மனிதகுல ஒருமை பேசப்பட்டது இப்படித்தான். உயர்ந்தவன் என்று உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துப் பேசப்பட்டது. ஒடுக்கப்பட்டவனை அடங்கிப் போகச் சொல்லிப் பேசப்பட்டதில்லை. அதை இங்கே தலைகீழாக்கியது எப்போது, எப்படி?

வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

1606இல் இத்தாலிய சேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வருகிறார். தத்துவ போதகர் என்று தமிழ் இலக்கிய வரலாற்றில் படித்திருப்பீர்கள். காவி கட்டினார், புலால் விட்டார், தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். அந்த உழைப்பை மறுக்கவில்லை. ஆனால் பூணூலும் குடுமியும் சாதி ஆசாரமும் மதம் சார்ந்தவை இல்லை, வெறும் சமூக வழக்கம், கிறிஸ்தவன் ஆன பிறகும் வைத்துக்கொள்ளலாம் என்று வாதாடினார். 1623இல் ரோமாபுரி அதற்கு இசைவு தந்தது. பிறகு மேல்சாதிக்கு ஒருவகைக் குரு, மற்றவர்களுக்குப் பண்டார சுவாமிகள் என்று குருமாரிலேயே பிரிவு வந்தது. 'சமூக வழக்கம்' என்ற அந்த ஒரு சொல்லை ஞாபகத்தில் வையுங்கள். நானூறு வருஷமாக நம்மை அடிக்கிற கம்பு அது.

கத்தோலிக்கர்தான் அப்படி, புராட்டஸ்டண்டுகள் வேறு என்று நினைக்க வேண்டாம். 1706இல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்குகிறார். 1733இல் ஆரோன் என்ற வேளாளர் குருப்பட்டம் பெறுகிறார். இந்தியாவில் அந்தச் சபையின் முதல் சுதேசி குரு அவர். அதே காலத்தில் ராஜநாயக்கன் என்று ஒருவர் இருந்தார். நம்ம ஆள். பறையர் குலத்தில் பிறந்தவர், தஞ்சாவூர்ப் படையில் சேவகராக இருந்தவர், உபதேசியாராகித் தஞ்சைச் சீமையில் சபைகளை வளர்த்தவர். அடுத்த குருப்பட்டம் அவருக்குத்தான் என்ற பேச்சு எழுந்தது. கொடுக்கவில்லை. 1741இல் தியாகு என்ற இன்னொரு வேளாளருக்குக் கொடுத்தார்கள். ராஜநாயக்கனிடம் என்ன குறை? படிப்பிலா, பக்தியிலா, உழைப்பிலா? ஒன்றும் இல்லை. அவர் கையால் திருவிருந்து வாங்க மற்ற சாதி விசுவாசிகள் கூசுவார்கள். அவ்வளவுதான் காரணம்.

அப்பத்தைக் கிறிஸ்துவின் உடல் என்று நம்புகிறவர்கள், அதைக் கொடுக்கிற கை பறையன் கை என்றால் வாங்க மாட்டார்கள். யோசித்துப் பாருங்கள், தோழர்களே. அவர்களுடைய உண்மையான விசுவாச அறிக்கை எது? வாயால் சொன்னதா, கையை மடக்கினார்களே அதுவா?

எதிர்ப்பே இல்லையா என்றால், இருந்தது. நியாயமாகப் பேச வேண்டும். 1833இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே, முழுசாக, மறுபேச்சின்றி விட வேண்டும் என்று கடிதம் விட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள், பலர் வெளியேறினார்கள். நம்ம மதுரைப் பக்கம் வேலை செய்த அமெரிக்க மதுரை மிஷன் 1847இல் இன்னும் கறாராக ஒரு காரியம் செய்தது. சாதியை விட்டுவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, எல்லாச் சாதியோடும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டு என்று தன் ஊழியர்களைக் கேட்டது. அப்போதும் பலர் எழுந்து போனார்கள். ஆதாமை ஏற்றுக்கொண்டவர்கள் சோற்றை ஏற்றுக்கொள்ளவில்லை.

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்று ஒரு ஊர். 1872இல் அங்கே ஒரு மாதா கோயில் கட்டினார்கள். வேளாளருக்கு ஒரு கை, நாடாருக்கு ஒரு கை, இரண்டும் வந்து சேருகிற இடத்தில் பீடம். கால்சட்டை மாதிரி இருந்ததால் கால்சட்டைக் கோயில் என்றே பெயர். சாமியாரால் இரண்டு பக்கத்தையும் பார்க்க முடியும், ஒரு பக்கத்துக்காரன் மறுபக்கத்துக்காரனைப் பார்க்க முடியாது. 1910இல் கௌசானல் என்ற சேசு சபைக் குரு உள்ளேயிருந்த தடுப்பை இடித்துப்போட்டார். வேளாளர்கள் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். அதே வடக்கன்குளத்தில்தான் 1745இல் நீலகண்ட பிள்ளை தேவசகாயம் ஆனார். அவருக்கு 2022இல் புனிதர் பட்டம் கொடுத்தபோது, 'பிள்ளை' என்ற வாலை வெட்டிவிட்டுத்தான் வத்திக்கான் பெயரை வாசித்தது. அதற்கே மனுப் போட்டுக் கேட்க வேண்டியிருந்தது.

முடிந்துபோன கதை என்று யாரும் சொல்ல வேண்டாம். திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எழுப்பியவர்கள் கிறிஸ்தவர்கள். விழுப்புரம் பக்கம் எறையூரில், 2008 மார்ச்சில், எங்களுக்குத் தனிப் பங்கு கொடுங்கள் என்று தலித் கிறிஸ்தவர்கள் கேட்டதற்கு அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். செத்தவர்கள் தாக்க வந்த தரப்பு. அவர்களும் கிறிஸ்தவர்கள், அவர்களும் அந்த ஒரே மண்தான். சாதி அவர்களையும் கொன்றது என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன்.

நம்ம மாவட்டத்தைப் பற்றிப் பேச நான் எங்கேயும் போக வேண்டாம். வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டிக்காரர் பாமா. 1992இல் 'கருக்கு' எழுதினார். கோயிலுக்குள்ளும் கன்னியர் மடத்துக்குள்ளும் சாதி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று நம்ம தெருப் பேச்சிலேயே எழுதினார். அவருடைய அண்ணன் ராஜ் கௌதமன் தலித் பண்பாடு பற்றி எழுதியதையெல்லாம் மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். 2024இல் அவர் மறைந்துவிட்டார். எழுத்து இருக்கிறது.

தோழர்களே, இப்போது அந்தச் 'சமூக வழக்கம்' என்ற சொல்லுக்கு வருகிறேன். 'சாதி மதத்தில் இல்லை, சமூகத்தில்தான் இருக்கிறது. மக்கள் பலவீனமானவர்கள். அவசரப்படாமல் மெள்ள மெள்ள மாற்றலாம்.' இதைத்தானே நம்மிடம் சொல்கிறார்கள்? இதே சொல்லை உலகத்தின் இன்னொரு மூலையிலும் சொன்னார்கள். தென்னாப்பிரிக்காவில் டச்சு சீர்திருத்தச் சபை 1857இல் ஒரு தீர்மானம் போட்டது. வெள்ளையரும் மற்றவரும் சேர்ந்து ஆராதிப்பதுதான் வேதத்துக்கு ஏற்றது, ஆனாலும் சிலருடைய பலவீனத்தை முன்னிட்டுத் தனித்தனியாக ஆராதிக்கலாம் என்றது. யாருடைய பலவீனம்? கறுப்பன் பக்கத்தில் உட்கார முடியாத வெள்ளையனின் பலவீனம். அந்தச் சலுகை வளர்ந்து வளர்ந்து என்ன ஆனது? தனிச் சபை ஆனது, அப்புறம் இனஒதுக்கல் ஆட்சிக்கே வேத வியாக்கியானம் எழுதிக்கொடுத்தது.

1982இல் ஒட்டாவாவில் கூடிய உலகச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு, இனஒதுக்கலை ஆதரிப்பது பாவம் என்றதோடு நிற்கவில்லை, அந்த இறையியலே கள்ளப் போதகம் என்று அறிவித்தது. ஆதரித்த வெள்ளைச் சபைகளை விலக்கியும் வைத்தது. அதே ஆண்டு தென்னாப்பிரிக்காவின் கலப்பினக் கிறிஸ்தவர்களின் சபையில் பெல்ஹார் அறிக்கை எழுதப்பட்டது. 1986இல் அதைத் தங்கள் விசுவாச அறிக்கையாகவே ஏற்றார்கள். இதுதான் முக்கியமான திருப்பம். சபையின் ஒருமை நல்லொழுக்கப் பாடம் இல்லை, அதை மறுத்தால் நீ கிறிஸ்தவனே இல்லை என்றார்கள். நம்ம ஊரில் குருமாருக்கு எதிராகப் பேசினால் தண்டனை உண்டு. சாதிச் சுவர் கட்டியவனுக்கு நற்கருணை மறுக்கப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் தலித் மேம்பாட்டுக்கு ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. தீண்டாமை பாவம் என்று ஒப்புக்கொண்டார்கள். 2022இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். வரவேற்கிறோம். ஆனால் நான் கேட்கிற அளவுகோல் வேறு.

அந்த அளவுகோலை நான் கண்டுபிடிக்கவில்லை. அது விவிலியத்திலேயே இருக்கிறது. திருச்சபையின் முதல் பெரிய சண்டை எதைப் பற்றி என்று தெரியுமா? பந்தியைப் பற்றி. கலாத்தியருக்கு எழுதிய கடிதம், இரண்டாம் அதிகாரம். அந்தியோக்கியாவில் பேதுரு யூதரல்லாத கிறிஸ்தவர்களோடு சேர்ந்துதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சில பெரிய மனுஷர்கள் வந்ததும், அவர்களுக்குப் பயந்து எழுந்து தனியாகப் போய்விட்டார். பவுல் அவரை எல்லோர் முன்னாலேயும் வைத்துக் கேட்டார். பேதுரு யார்? முதல் போப்பாண்டவர் என்று நாம் சொல்கிற பேதுரு. 'பிரசங்கம் சரியாகத்தான் செய்கிறார், சாப்பாடு சமூக வழக்கம்' என்று பவுல் விட்டாரா? இல்லை. நீ நற்செய்தியின்படி நடக்கவில்லை என்றார். பந்தியிலிருந்து எழுந்ததே நற்செய்தியை மறுத்தது ஆகிவிட்டது.

கொரிந்து நகரத்திலும் அதே சங்கதி. வசதியானவர்கள் முதலில் தின்று குடித்துவிடுவார்கள், கூலிக்காரன் வேலை முடிந்து வரும்போது ஒன்றும் இருக்காது. நீங்கள் சாப்பிடுவது கர்த்தருடைய விருந்தே இல்லை என்று பவுல் எழுதினார். பூசை செல்லாது என்று அர்த்தம்.

அதனால் தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். மனிதகுலம் ஒன்று என்பது ஆதாமைப் பற்றிய நம்பிக்கை மட்டும் இல்லை. அது எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாய், யார் வீட்டில் பெண் எடுக்கிறாய், செத்தால் எங்கே புதைக்கிறாய் என்ற மூன்று கேள்வி. மூன்றுக்கும் பதில் சொல்லாமல் 'எல்லாரும் ஒண்ணு' என்று சொல்கிறவன் விசுவாசம் பேசவில்லை, வாயடைக்கிறான். சாதியைப் பற்றிப் பேசுகிற தலித்தைப் பார்த்துப் பிரிவினைக்காரன் என்கிறார்கள். சுவர் கட்டியவன் பிரிவினைக்காரனா, சுவர் இருக்கிறது என்று சொன்னவனா?

அரசாங்கமும் இந்த விளையாட்டில் சேர்ந்துகொண்டது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, மூன்றாம் பத்தி. இந்து அல்லாதவன் பட்டியல் சாதி ஆக முடியாது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவ, முஸ்லிம் தலித்துகள் வெளியேதான். சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை என்பவர், மற்ற தொழிலாளிகளுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை எனக்கு ஏன் இல்லை என்று உச்சநீதிமன்றம் போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதாது என்று 1985இல் தள்ளிவிட்டார்கள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அதே ஊசி, அதே தோலோடு தைக்கிறவருக்குக் கடை உண்டு, இவருக்கு இல்லை. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதத் தடையை நீக்கச் சொன்னது. நீக்கவில்லை. 2022இல் பாலகிருஷ்ணன் ஆணையம் என்று இன்னொன்று போட்டார்கள். ஆக, உனக்குச் சாதி இல்லை என்கிறது கோயில். சாதி இல்லாததால் சலுகை இல்லை என்கிறது சர்க்கார். உன் சாதி எங்களுக்குத் தெரியும்டா என்கிறது ஊர். மூன்று பேரில் ஊர்க்காரன்தான் உண்மை பேசுகிறான்!

விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்று மாணவர்கள் கேட்பீர்கள். அண்ணல் அம்பேத்கர் 1948இல் தீண்டப்படாதோர் பற்றி எழுதிய நூலில், அன்றைக்குக் கிடைத்த மூக்களவுக் கணக்குகளை எடுத்து வைத்து, பார்ப்பனரும் தீண்டப்படாதோரும் வேறு வேறு இனம் என்பது பொய் என்று காட்டினார். மூக்களவு இப்போது பழைய கருவி. ஆனால் முடிவு நின்றது. 2003இல் மனித மரபணுத் தொகுதியைப் படித்து முடித்தார்கள். எந்த இரண்டு மனிதரை எடுத்தாலும் 99.9 சதவீதம் ஒன்றுதான். மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழு உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்தது. ஆப்பிரிக்காவிலிருந்து ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் கடலோரமாக நடந்து வந்த ஆதி மனிதர்களின் அடையாளம் அங்கே கிடைத்தது. ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் உள்ள அடையாளம் அது.

2013இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு. சுமார் 4200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்திய மக்கள் எல்லாத் தரப்பும் தாராளமாகக் கலந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு கலப்பு நின்று அகமணம் இறுகியிருக்கிறது. புரிகிறதா? கதவு முதலில் திறந்துதான் இருந்தது. யாரோ சாத்தினார்கள். சாத்தின கதவைத் திறக்கலாம். ஆனால் ஒன்று, மரபணு அறிக்கையைப் படித்துவிட்டுச் சாதியை விட்டவனை நான் பார்த்ததில்லை. 1997இல் விருதுநகர் மாவட்டத்துப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தார்கள். ஒரு தலித் வீரனின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். கலவரம். கடைசியில் அரசாங்கம் எல்லாக் கழகங்களிலும் எல்லாத் தலைவர்கள் பெயரையும் எடுத்துவிட்டது. பஸ்ஸுக்கு மரபணுவா இருக்கிறது?

என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. ஊர், பங்கு, கம்பெனி பெயரெல்லாம் வேண்டாம்.

என் சித்தி மகள் மேரி. இருபத்திரண்டு வயசு. பயராபிஸில் மருந்து ரூம் பக்கம் வேலை. ஒருநாள் வெடித்தது. இந்தப் பகுதியில் இது புதுசில்லை. முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று ஏறக்குறைய நாற்பது பேர். அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரியில் இருபதுக்கும் மேல். எங்கள் வீட்டுச் சாவு அதற்கெல்லாம் ரொம்ப முந்தி. ஆஸ்பத்திரியில் வரிசையாகத் துணி மூட்டைகள். டி.என்.ஏ. சோதனை புழக்கத்துக்கு வராத காலம். மூக்குத்தியை வைத்தும், எரியாமல் மிச்சமிருந்த பாவாடைத் துண்டை வைத்தும்தான் ஆள் அடையாளம். எங்கள் பங்கைச் சேர்ந்த இன்னொரு பெண்ணும் அதே ரூமில் செத்திருந்தாள். ஊர்த் தெருப் பெண். அவள் பெயரும் மேரிதான். இரண்டு பேருக்கும் ஒரே தொட்டித் தண்ணீரில் ஞானஸ்நானம். இரண்டு மூட்டை கிடந்தது. எது யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் அம்மா எங்கள் சித்தியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "நம்ம பிள்ளைகளத் தேடிக் குடு தாயி" என்று கதறினாள். எங்கள் தெருப் பக்கமே வராத அம்மா. அன்றைக்கு அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சாதி இல்லை. நான் கண்ணால் பார்த்தேன்.

கடைசியில் ஆஸ்பத்திரிக்காரர் ஆளுக்கு ஒரு மூட்டை என்று கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டார். ஒரே வண்டியில் ஊருக்கு வந்தோம். கோயிலில் ஒரே பூசை. மண்ணிலிருந்து வந்த மனிதன் மண்ணுக்கே போவான் என்று சாமியார் பிரசங்கம் வைத்தார். பூசை முடிந்து வாசலுக்கு வந்ததும் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. அவர்கள் மூட்டை சுவருக்குள்ளே இருக்கிற கல்லறைத் தோட்டத்துக்கு. எங்கள் மூட்டை ஓடைக்கு அந்தப் பக்கம். யாரும் யாரையும் போகச் சொல்லவில்லை, தோழர்களே. கால் தானாகப் பிரிந்தது. அதுதான் பயங்கரம்.

எந்த மேரி எங்கே கிடக்கிறாள் என்று இன்றைக்கு வரை எங்களுக்குத் தெரியாது. எங்கள் மேரி சுவருக்குள்ளே இருக்கலாம். அவர்கள் மேரி எங்கள் ஓடைக்கரையில் கிடக்கலாம். சித்தி கடைசிவரை கல்லறைத் திருநாளுக்கு இரண்டு மெழுகுவர்த்தி வாங்குவாள். ஒன்றை ஓடைக்கரையில் ஏற்றுவாள். இன்னொன்றை அந்தச் சுவருக்கு வெளியே நின்று ஏற்றுவாள். சுவருக்கு உள்ளேயிருந்தும் ஒரு அம்மா ஓடைப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பதை ஒரு தடவை பார்த்தேன். ஆனால் சுவர் அப்படியேதான் இருந்தது. அழுகை ஒன்றானால் சுவர் விழுந்துவிடும் என்று நினைக்காதீர்கள். சுவரை இடித்தால்தான் விழும்.

கடைசியாக, நம்மைப் பற்றி. வடக்கன்குளத்தில் அன்றைக்குத் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார வைக்கப்பட்டவர்கள் நாடார் கிறிஸ்தவர்கள். பக்கத்திலேயே சிவகாசியில் 1899இல் நாடார்களின் வீடுகள் சூறையாடப்பட்டன. அவமானப்பட்டவனுக்குத் தானாகப் புத்தி வந்துவிடும் என்றால், இந்தப் பகுதியில் இன்றைக்கு நமக்கு வேலையே இருந்திருக்காது. நமக்கும் அதேதான். பள்ளர், பறையர், அருந்ததியர் என்று பெயரில் மூன்று, பேச்சில் ஒன்று. பந்தியில்? அருந்ததியர் வீட்டுச் சோறு எத்தனை பேர் சாப்பிட்டிருக்கிறோம்? அங்கே பெண் எடுத்தவர் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்? 2009இல் அவர்களுக்கு மூன்று சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது, நம்மில் எத்தனை பேர் 'பிரிக்கிறார்கள், பிரிக்கிறார்கள்' என்று கத்தினோம்? சாமியார் நம்மிடம் சொன்ன அதே வார்த்தையைத்தானே நாம் அவர்களிடம் சொன்னோம்! வீட்டில் பொம்பளைக்குக் கடைசிப் பந்தி, அதுவும் மிச்சம். அதுவும் கணக்கில் சேரும்.

அதனால் வேலை என்ன? ஒற்றுமைப் பிரசங்கம் வேண்டாம். உங்கள் பங்கில், சபையில், கேளுங்கள். கல்லறைத் தோட்டம் ஒன்றா, இரண்டா? திருவிழா வரி நம் தெருவில் வாங்குகிறார்களா? சப்பரம் நம் தெருவுக்குள் வருகிறதா? சபை நடத்துகிற பள்ளியிலும் கல்லூரியிலும் ஆஸ்பத்திரியிலும் நம் பிள்ளைகள் கூட்டுகிற வேலை தவிர வேறு என்ன வேலையில் இருக்கிறார்கள்? கிறிஸ்தவப் பத்திரிகையில் மணமகள் தேவை விளம்பரத்தில் 'ஆர்.சி.' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சாதிப் பெயர் ஏன்? பட்டியல் போட்டு, தேதி போட்டு, எழுதி வாங்குங்கள். 'சமூக வழக்கம்' என்று பதில் வந்தால், அந்தியோக்கியாவில் பேதுருவும் அதைத்தான் செய்தார், பவுல் விடவில்லை என்று சொல்லுங்கள். அப்புறம் அதே பட்டியலை வீட்டுக்குக் கொண்டுவந்து நம் தெருவுக்கும் பக்கத்துத் தெருவுக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள்.

நான் இன்னும் கோயிலுக்குப் போகிறேன், தம்பி. நற்கருணை வாங்குகிறேன். ஏன் என்று கேட்டால், அது எங்க அப்பத்தாவுக்குக் கொடுத்த வாக்கு. ஒரே தடவைதான் பிசைந்தார் என்று அவளிடம் ஒப்புக்கொண்டார்களே, அந்த வாக்கை வசூல் பண்ணாமல் நான் வெளியே போக மாட்டேன்.

இந்தக் கூட்டம் முடிந்ததும் சாப்பாடு இருக்கிறது. இந்த ஊர் அருந்ததியர் தெருத் தாய்மார்கள் சமைத்தது. எழுந்து போகிறவர்கள் இப்போதே போகலாம். மற்றவர்கள் வாருங்கள், உட்காருவோம்.